கற்பனை நடிகர் பட்டியலும் நாவல் வாசிப்பும்
‘பொன்னியின் செல்வ’னை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

1

பெருநாவலொன்றைப் படித்து முடித்தோர், அது திரைப்படமாக்கப்படின் எந்தப் பாத்திரத்தை எந்த நடிகர் ஏற்கலாம் என்று தமக்குள்ளும் நண்பரோடும் ஆராய்ந்து பார்ப்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். தமிழ் வாசகரைப் பொறுத்தவரையில் இவ்வழக்கத்திற்கு மிகுதியும் ஆளான நூல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்பதில் ஐயமில்லை. வந்தியத்தேவனாக யார், குந்தவையாக யார், நந்தினியாக யார் என்ற வினாக்களுக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து நட்சத்திரங்களைக் கொண்டு விடை கண்டுள்ளது. தாத்தா ஒரு பட்டியலையும், தந்தை வேறொரு பட்டியலையும், மகள் மற்றுமொரு பட்டியலையும் வைத்திருக்கும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு, மலையகத்திலும் உண்டு.

இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது எளிது. காத்திரமான இலக்கிய விமரிசனத்துக்கும் நடிகர் பட்டியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரும் உளர். ஆயினும் ஒரு பாத்திரத்திற்கு ஒரு முகத்தைத் தெரிவு செய்பவர், அப்பாத்திரத்தைத் தாம் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதைத் தம்மையறியாமலே வெளிப்படுத்துகின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்வகையில் ஒவ்வொரு பட்டியலும் எழுதப்படாத ஒரு விமரிசனக் கட்டுரையே. அதனைக் கட்டுரையாகவே கொண்டு பரிசீலித்தால், நாம் நாவலை எங்கே கூர்ந்து படித்துள்ளோம், எங்கே சினிமாவின் பழக்கத்தை நாவலின் மீது ஏற்றியுள்ளோம் என்பன தெளிவாகும். இக்கட்டுரை அம்முயற்சியையே மேற்கொள்கின்றது. அம்முயற்சியின் முடிவில் எஞ்சி நிற்கும் வினா, எவருடைய பட்டியலிலும் முதலிடம் பெறாத ஒரு பாத்திரத்தைப் பற்றியதாக அமையும்.

2

முதற்கண் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 தொடக்கம் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் ஐந்து பாகங்களாகத் தொடர்ந்து வெளிவந்தது. வாரந்தோறும் மணியம் வரைந்த சித்திரங்கள் கதையோடு சேர்ந்தே வாசகரை அடைந்தன. இதனாற் குந்தவையின் கொண்டையும், ஆழ்வார்க்கடியானின் முன்குடுமியும், பழுவேட்டரையரின் மீசையும் சொற்களாக மாத்திரமன்றிக் கோடுகளாகவும் மனத்திற் பதிந்தன. இந்நாவலின் பாத்திரங்களுக்கு முகம் தேடும் வேலையைச் சினிமா தொடங்கி வைக்கவில்லை. சஞ்சிகைச் சித்திரமே தொடங்கி வைத்தது. பின்னர் அதே இதழில் நாவல் மறுபடியும் தொடராக வெளியிடப்பட்டபோது வினு, பத்மவாசன் முதலியோர் புதிய சித்திரங்களை வரைந்தனர். அம்முகங்களும் அவ்வக் காலத்து வாசகருக்கு உரியனவாயின.

1958இல் எம். ஜி. ஆர். இந்நாவலைத் திரைப்படமாக்கப் போவதாக அறிவித்தார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன், டி. எஸ். பாலையா, எம். என். நம்பியார் முதலிய பலரும் அதில் நடிக்கவிருந்தனர். பின்னாளிற் சிறந்த நெறியாளராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அவருக்காகத் திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவர். விபத்தொன்றினால் நேர்ந்த காயத்தோடு தடைப்பட்ட அம்முயற்சி மீண்டும் கைகூடவில்லை. 1980களின் இறுதியிற் கமல்ஹாசனும் மணிரத்னமும் மேற்கொண்ட முயற்சியும் பொருட்செலவு கருதிக் கைவிடப்பட்டது. 1999இற் சென்னையில் ‘மேஜிக் லான்ரேர்ன்’ குழுவினர் நாவலை மேடை நாடகமாக்கினர். ஈற்றில் மணிரத்னத்தின் நெறியாள்கையில் 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்பிரலிலும் இரு பகுதிகளாகத் திரைப்படம் வெளிவந்தது. நாவல் நிறைவுற்று அறுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் பாத்திரங்கள் பெருந்திரையில் முகம் பெற்றன எனலாம். இந்த நீண்ட இடைவெளியே கற்பனைப் பட்டியல்களின் விளைநிலம்.

இவ்வழக்கம் தமிழருக்கே உரியதென்று கருதிவிடலாகாது. கல்கியின் தொடர் நிறைவுற்ற அதே 1954இல் இங்கிலாந்தில் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ என்னும் கற்பனைக் காவிய நாவலின் முதலிரு பாகங்கள் வெளிவந்தன. மூன்றாம் பாகம் மறுவருடம் வந்தது. அதன் வாசகரும் பீற்றர் ஜக்சனின் திரைப்படங்கள் 2001 முதல் 2003 வரை வெளிவரும்வரை இத்தகைய பட்டியல்களைத் தீட்டி வந்தனர். 1981இற் பி.பி.சி. வானொலி நாடகத்தில் இளைஞனான ஃபுரோடோவுக்குக் குரல் கொடுத்த இயன் ஹோம், இருபது ஆண்டுகளின் பின் திரைப்படத்தில் முதியவரான பில்போவாகத் தோன்றினார். மந்திரவாதி கண்டால்ஃபாக நடிக்க நெடுநாள் விரும்பிய கிறிஸ்தோபர் லீக்கு அவனை எதிர்க்கும் சருமானின் பாத்திரமே கிட்டியது. வாசகரின் விருப்பமும், நடிகரின் விருப்பமும், நெறியாளரின் தெரிவும் வெவ்வேறு திசைகளிற் செல்பவை என்பதற்கு இவை சான்றுகள்.

3

தெரிவு என்பது விளக்கமே என்ற கூற்றை நந்தினியைக் கொண்டு பரிசோதிக்கலாம். பெரும்பாலான பட்டியல்களில் நந்தினியின் பெயருக்கெதிரே வாசகர் அறிந்த பேரழகியின் பெயர் எழுதப்படும். அழகு என்பது நாவலில் அவளுடைய கருவி என்பது உண்மையே. கல்கி ஓரிடத்தில் நந்தினியையும் குந்தவையையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தியின் முகம் வட்டமானது, மற்றவளின் முகம் சற்றே நீண்டது என்றவாறு உறுப்புக்குறுப்பு ஒப்பிட்டுக் காட்டுகின்றார். வாசகரைப் பட்டியல் எழுதத் தூண்டும் பகுதி அதுவெனின் மிகையாகாது.

ஆனால் நந்தினி யார்? சிறுமிப் பருவத்திற் பழையாறை அரண்மனைப் பிள்ளைகளோடு விளையாடி, பின் அவர்களுக்கு நிகரானவள் அல்லள் என விலக்கப்பட்டவள். காயமுற்ற வீரபாண்டியனின் உயிருக்காக ஆதித்த கரிகாலனிடம் இரந்து நின்று, தன் கண்முன்னே அவன் தலை வீழக் கண்டவள். தன் பிறப்பின் உண்மையை அறியாமலே அதன் விளைவுகளைச் சுமப்பவள். பழிவாங்கும் சதிகாரியாக அவளைக் கொள்வோர் ஒருவகை நடிகையைத் தெரிவு செய்வர். வஞ்சிக்கப்பட்டவளாகக் கொள்வோர் வேறுவகை நடிகையைத் தேடுவர். ஒரு பெயரை எழுதிய அளவிலேயே வாசகர் இவ்விரு பக்கங்களுள் ஒன்றில் நின்றுவிடுகின்றார்.

இன்னொரு நிபந்தனையையும் நாவல் விதிக்கின்றது. நந்தினியும் ஊமை ராணியாகிய மந்தாகினியும் உருவத்தில் ஒத்தவர்கள். அந்த ஒற்றுமை அலங்காரமன்று; கதையின் அச்சாணி. நள்ளிரவில் மந்தாகினியின் ஆவியைப் போல வேடம் புனைந்து நந்தினி சுந்தர சோழரை நடுங்கவைக்கும் கட்டம் அவ்வொற்றுமையின் மீதே நிற்கின்றது. எழுத்தில் இதனை நாவலாசிரியர் சொன்னாற் போதும், நாம் நம்பிவிடுவோம். திரையிற் கண்ணே நம்பவேண்டும். எனவே நந்தினிக்கான தெரிவு தனித்த தெரிவாக இருத்தல் இயலாது. நாவன்மையால் ஆண்களை ஆட்டுவிக்கும் பெண்ணாகவும், சொல்லே இல்லாத பெண்ணாகவும் ஒருங்கே விளங்கத்தக்கவர் யார் என்பதே வினா. 2022ஆம் ஆண்டுத் திரைப்படம் இதனை உணர்ந்து இரு வேடங்களையும் ஐஸ்வர்யா ராய்க்கே அளித்தது. அது சரியான முடிவு.

மந்தாகினி ஈழத்தையடுத்த தீவொன்றில் வாழ்ந்தவள். கடலில் அலையுண்டு கரையொதுங்கிய சுந்தர சோழரைக் காத்தவள். நாவலின் இரண்டாம் பாகம் ஈழ மண்ணில் நிகழும்போது, அநுராதபுரத்தின் இடிபாடுகளுக்கிடையே அருள்மொழியை மறைந்து நின்று காப்பவளும் அவளே. பேரரசின் வரலாற்றில் அவளுக்குப் பெயரில்லை, மொழியில்லை. பேரரசின் வாரிசைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் உண்டு. எனவே இவ்விரட்டைப் பாத்திரத்துக்குப் பேரழகு முதல் தகுதியாகாது. முகத்தினாற் பேசும் ஆற்றலே முதல் தகுதி. கடந்துபோன காலத்து நடிகருள் ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமை எனக்களிக்கப்படின், சாவித்திரியின் பெயரையே எழுதுவேன். எம். ஜி. ஆரின் திட்டத்தில் அவரும் இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சாவித்திரி நந்தினியாயின் சுவைஞர் அவளை வெறுக்க இயலாது தடுமாறுவர். அத்தடுமாற்றமே கல்கி விரும்பியது என்பது என் கருத்து.

4

அடுத்து வந்தியத்தேவன். எந்தப் பட்டியலிலும் முதலில் எழுதப்படும் பெயர் இவனுடையதே. காலத்தின் முதன்மை நட்சத்திரத்தை இவனுக்கு வழங்குவதே பொதுவழக்கு. இவ்வழக்கம் பொருத்தமானதா என்பது ஆராயத்தக்கது.

வரலாற்று நாவல் பற்றி ஆராய்ந்த ஜோர்ஜ் லூக்காச், வோல்டர் ஸ்கொட்டின் நாவல்களில் மையத்தில் நிற்பவன் மாவீரனல்லன், நடுத்தரமான ஒருவனே என எடுத்துக் காட்டினார். மோதிக்கொள்ளும் இரு தரப்பினரிடையேயும் சென்று வரத்தக்கவனாக அவன் அமைகின்றான். வரலாற்றின் பெருமக்களோ கதையின் ஓரத்தில் நின்று அவனூடாகவே நமக்குத் தோற்றுகின்றனர். கல்கியின் வந்தியத்தேவன் இவ்விலக்கணத்திற்குப் பெரிதும் பொருந்துவான். வாணர் குலத்து வழித்தோன்றலாயினும் ஆள நாடற்றவன். ஆதித்த கரிகாலனின் ஓலையைச் சுமந்து செல்பவன் என்பதே அவனது தகுதி. அவன் பொய் சொல்கின்றான், அகப்படுகின்றான், பூங்குழலியாலும் மணிமேகலையாலும் ஆழ்வார்க்கடியானாலும் மீட்கப்படுகின்றான். செய்யாத கொலைக்காகப் பாதாளச் சிறையிலும் கிடக்கின்றான். அவனது தவறுகளே கதையை நடத்திச் செல்கின்றன.

இத்தகையவனைப் பெருநட்சத்திரம் ஏற்கும்போது நிகழ்வது யாது? நட்சத்திரம் பிறரால் மீட்கப்படுவதைத் தமிழ்ச் சினிமாவின் மரபு எளிதில் ஏற்பதில்லை. அவன் தவறுவதை, ஏளனத்துக்குள்ளாவதை, இரண்டாமவனாக நிற்பதைச் சுவைஞர் பொறுப்பதில்லை. நடுத்தர மனிதன் மாவீரனாக உயர்த்தப்படுகின்றான். உயர்த்தப்பட்ட கணமே நாவலின் அமைப்புச் சரிகின்றது. 2022 செப்டெம்பரிற் சென்னையில் நடைபெற்ற வெளியீட்டு விழாவில் ரஜினிகாந்த் கூறிய செய்தியொன்று இங்கு பயன்படும். பெரிய பழுவேட்டரையரின் பாத்திரத்தைத் தாம் கேட்டதாகவும், தம் இரசிகர் அதனை ஏற்கமாட்டார் என்று கருதி மணிரத்னம் மறுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வந்தியத்தேவனுக்குத் தாமே பொருத்தமென ஒருகால் ஜெயலலிதா கருத்துத் தெரிவித்திருந்ததையும் அவர் நினைவுகூர்ந்தார். இருபத்து நான்கு போர்களில் அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற முதியவர், இளம் மனைவியின் சொல்லுக்கு மயங்கி அரசையே ஆபத்துக்குள்ளாக்குவது பெரிய பழுவேட்டரையரின் அவலம். அந்த அவலத்தை நட்சத்திரத்தின் முகம் தாங்காது. அம்முகம் தோற்க அனுமதிக்கப்படவில்லை. நெறியாளரின் மறுப்பை ஒரு விமரிசனத் தீர்ப்பாகவே கொள்ளலாம்.

அப்படியாயின் எம். ஜி. ஆர். போன்ற ஒருவருக்கு இந்நாவலில் இடமில்லையா? உண்டு, அது அருள்மொழிவர்மனின் இடம். முதற் பாகத்தில் அருள்மொழி பெரும்பாலும் பிறரது நினைவிலும் பேச்சிலுமே வாழ்கின்றான். ஓடக்காரர் பேசுகின்றனர், உழவர் பேசுகின்றனர், சோதிடர் பேசுகின்றார், தமக்கை பேசுகின்றாள். அவன் நேரில் நம்முன் வருவதற்கு முன்னரே மக்களின் அன்பு அவனை உருவாக்கிவிடுகின்றது. நட்சத்திரத்தின் வாழ்வும் இவ்வாறானதே. திரையிற் தோன்றுமுன்னரே பேச்சிலும் நம்பிக்கையிலும் அவர் நிறைந்து நிற்கின்றார். ஆகவே அருள்மொழிக்கு நட்சத்திரம் பொருந்தும். வந்தியத்தேவனுக்கு நட்சத்திரத்திற்குச் சற்றுக் குறைந்தவரே பொருந்துவர். என் பட்டியலில் ஜெமினி கணேசன் வந்தியத்தேவன், எம். ஜி. ஆர். அருள்மொழி, சினமும் குற்றவுணர்வும் ஒருங்கே எரிக்கும் ஆதித்த கரிகாலன் சிவாஜி கணேசன், பெரிய பழுவேட்டரையர் எஸ். வி. ரங்காராவ். நகைச்சுவையையும் சூழ்ச்சியையும் ஒரே முகத்திற் காட்ட வல்ல டி. எஸ். பாலையா ஆழ்வார்க்கடியான், குந்தவை பத்மினி. இவர்களெல்லாம் ஒரே படத்திற் சேர்ந்திருப்பார்களா என்று கேட்பது வீண். நடவாததே கற்பனைப் பட்டியலின் சுதந்திரம்.

5

இதுவரை கூறியவை எல்லோரும் அறிந்த பாத்திரங்களைப் பற்றியன. இப்பட்டியல்களின் உண்மையான பரிசோதனை வேறோரிடத்தில் உண்டு. அது சேந்தன் அமுதன்.

தஞ்சையில் நுழையும் வந்தியத்தேவனுக்குத் தங்க இடமளிப்பவன் சேந்தன் அமுதன். பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுப்பவன், தேவாரம் பாடுபவன், வாய் பேசாத தாயோடு குடிசையில் வாழ்பவன், மாமன் மகளாகிய பூங்குழலியைத் தன்னை அவள் விரும்பாதபோதும் விரும்புபவன். சாகசம் எதுவும் அவனிடம் இல்லை. வாசகர் அவனைக் கடந்து அரண்மனைக்கும் சுரங்கப்பாதைக்கும் விரைகின்றார். கல்கியும் நம்மை விரையவே விடுகின்றார். ஐந்தாம் பாகத்தில் உண்மை வெளிப்படுகின்றது: கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன் இவனே, மதுராந்தகன் என்று இதுகாறும் வளர்ந்து அரசுரிமை கேட்டவன் வேறொருவன். முடிசூட்டு விழாவில், தனக்கென வைத்த முடியை எடுத்து அருள்மொழி இந்தப் பூக்கட்டுபவனின் தலையிற் சூட்டுகின்றான். ‘தியாகச் சிகரம்’ என்று அந்தப் பாகத்திற்குப் பெயரிடப்பட்டமைக்குக் காரணம் இந்நிகழ்ச்சியே.

இந்த முடிவு நமக்கு வியப்பாக இருக்க வேண்டுமாயின், நாம் அமுதனைப் பார்த்தும் பாராதிருந்திருக்க வேண்டும். அதே வேளையில் அது நமக்கு நியாயமாகத் தோன்ற வேண்டுமாயின், அவனது அமைதி நம் மனத்தில் எங்கோ தங்கியிருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் எழுத்துச் சாதிக்கும். ஏனெனில் எழுத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே அளவான எழுத்துக்களில் அச்சாகின்றன. திரையின் நிலை வேறு. புகழ்பெற்ற நடிகர் அமுதனாக வந்தால், இத்துணைப் பெரியவர் ஏன் பூக்கட்டுகின்றார் என்று முதற் காட்சியிலேயே சுவைஞர் ஐயுறுவர், இரகசியம் அழிந்துவிடும். அறியப்படாதவர் வந்தால் இறுதியில் அவர் முடிசூடும்போது, யார் இவர் என்று மண்டபம் திகைக்கும், நியாயம் அழிந்துவிடும்.

தமிழ்ச் சினிமாவின் சமூகப் பங்கை ஆராய்ந்த கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் முதன்முதற் கூடியமர்ந்த நிகழ்த்துகை இடம் சினிமா மண்டபமே எனவும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதிப்படிநிலையன்று, நுழைவுச்சீட்டின் விலையே எனவும் சுட்டிக்காட்டியுள்ளார். இது ஆழ்ந்த அவதானிப்பு. ஆயின் மண்டபத்தினுள் தளர்ந்த படிநிலை திரையின் மீது வேறு வடிவிற் குடியேறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது. பெயர்ப் பட்டியலில் முதலில் வருபவர், நடுவில் வருபவர், கூட்டமாக வருபவர் என்ற வரிசை அது. எவர் அரியணைக்குரியவர் என்பதை முகமே முன்கூட்டி அறிவித்துவிடும். எம். ஜி. ஆர். நெறியாள்கை செய்து 1958இல் வெளியிட்ட ‘நாடோடி மன்னன்’ இதற்குச் சிறந்த உதாரணம். மன்னனும் அவரே, மன்னனின் இடத்தில் அமரும் நாடோடியும் அவரே. குடிமகன் ஒருவன் அரியணையேறும் அக்கதையில் நமக்கு எவ்வித அதிர்ச்சியும் ஏற்படுவதில்லை. ஏனெனில் அந்த முகம் ஏற்கனவே அரசனுடையது.

நம் கற்பனைப் பட்டியல்களும் இதே வரிசையில் எழுதப்படுகின்றன. மேலே அரசர், அரசியர், வீரர்; கீழே ஒற்றர்; அதற்கும் கீழே ஓடக்காரி; கடைசியில், எழுதினாற்றான் உண்டு, பூக்கட்டுபவன். முடியை வேண்டாதவனிடம் முடி சேர்வதைக் கூறும் நாவலை, முடியின் வரிசைப்படியே நாம் நினைவிற் கொண்டிருக்கின்றோம். டோல்கீனின் நாவலிலும் உலகின் பாரம் அரசரிடமன்றிச் சிறியோரிடமே சேர்கின்றது; ஆயினும் அச்சிறியோர் முதல் அத்தியாயத்திலேயே நம் கண்முன் வந்துவிடுவதால் அவர்களைத் தவறவிட வழியில்லை. கல்கி தம் சிறியவனை நம் கவனக்குறைவினுள்ளேயே ஒளித்து வைக்கின்றார். அந்தக் கவனக்குறைவை மீண்டும் ஒருமுறை அரங்கேற்றுபவையாகவே நம் பட்டியல்கள் அமைந்துவிடுகின்றன.

எனவே அமுதனுக்கு வேண்டியவர், சுவைஞர் அறிந்தவராகவும் ஐயுறாதவராகவும் இருத்தல் வேண்டும். பிறரின் அருகில் நிற்கப் பழகிய முகம் வேண்டும். 1962இல் ஸ்ரீதரின் நெறியாள்கையில் வெளிவந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் நோயுற்ற கணவனாக நடித்த ஆர். முத்துராமனை இவ்விடத்தில் நினைக்கின்றேன். தன் மனைவியை முன்னர் நேசித்த மருத்துவனிடமே உயிரை ஒப்படைத்துக் கிடக்கும் அப்பாத்திரத்தில் அவர் காட்டிய அடக்கம், அமுதனின் அடக்கத்திற்கு மிக அண்மையது. அப்படத்தில் மனைவியாக நடித்த தேவிகாவையே பூங்குழலிக்கும் தெரிவு செய்வேன். அருள்மொழியை மனத்திற் கொண்டு, ஈற்றில் அமுதனின் துணைவியாகும் ஓடக்காரியின் கதைக்கு, முன்னைய படத்தின் நினைவும் சுவைஞர் மனத்தில் நின்று துணைசெய்யும். ஒரு நடிகரைத் தெரிவு செய்யும்போது அவர் முன்னர் ஏற்ற பாத்திரங்களையும் சேர்த்தே தெரிவு செய்கின்றோம் என்பது கவனிக்கற்பாலது.

6

மணிரத்னத்தின் திரைப்படம் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. சிக்கலையே நீக்கிவிட்டது எனினும் பொருந்தும். அதில் அமுதன் சிறுபாத்திரமாகவே நின்றுவிடுகின்றான். குழந்தைகள் இடம் மாறிய கதை இல்லை. ரகுமான் ஏற்ற மதுராந்தகனே கண்டராதித்தரின் மெய்யான மகன். அருள்மொழி அவனுக்கே முடியை விட்டுக்கொடுக்கின்றான். வரலாற்றை நோக்க இது பழுதன்று. சிற்றப்பன் அரசை விரும்பும்வரை தான் அதனை ஏற்க அருள்மொழிவர்மன் இசையவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. உத்தம சோழனின் ஆட்சி முடிந்த பின்னரே, 985இல், முதலாம் இராசராசன் அரியணையேறினான். செப்பேட்டுக்கு அணுக்கமாகத் திரைப்படமே நிற்கின்றது எனலாம்.

எனினும் பொருள் மாறிவிடுகின்றது. அரசுரிமை கோரிப் படை திரட்டியவனுக்கு முடியை விட்டுக்கொடுப்பது அரசியல் விவேகம். உள்நாட்டுப் போரைத் தவிர்க்கும் வழி. எதையும் கோராத ஒருவனைத் தேடிச் சென்று முடியைச் சூட்டுவது வேறொரு செயல். முன்னையது சமாதான உடன்படிக்கை; பின்னையது அதிகாரம் யாரிடம் இருக்கவேண்டும் என்பது பற்றிய ஒரு கருத்து. கார்த்தி, விக்ரம், திரிஷா, ஜெயராம் முதலியோரின் தெரிவில் நிறைவு கண்ட வாசகர் பலரும் படத்தின் முடிவில் இன்னதென்று சொல்லமுடியாத ஒரு குறையை உணர்ந்தனராயின், அக்குறை இவ்விடத்திலிருந்து எழுந்ததாகலாம்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். கல்கியின் வரலாற்று நாவல்கள் மன்னராட்சியைப் பொற்காலமாகக் காட்டுபவை, அக்காலத்து உழைக்கும் மக்களை அலங்காரமாக நிறுத்துபவை என்ற விமரிசனம் நம் ஈழத்து விமரிசகரால் வன்மையாக முன்வைக்கப்பட்டதொன்று. அமுதனும் இறுதியில் அரச இரத்தமாகவே வெளிப்படுகின்றான். குடிசையிலிருந்து அரியணைக்குச் சென்றவன் உண்மையிற் குடிசைக்குரியவனல்லன் என்றாகின்றது. எனவே இதில் மக்கள் சார்பு எங்கே உளது என்று வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. பிறப்பின் உரிமையை நாவல் கடக்கவில்லை. ஆயினும் அது பிறப்பின் உரிமையையும் வளர்ப்பின் பண்பையும் வேறாகப் பிரித்துக் காட்டுகின்றது. அரண்மனையில் வளர்ந்தவன் பேராசை கொண்டான். குடிசையில் வளர்ந்தவன் பற்றின்றி நின்றான். வாய் பேசாத ஏழைப் பெண்ணின் வளர்ப்பே ஓர் அரசனைத் தகுதியாக்கியது. ஓடக்காரியாகிய பூங்குழலியோ எவ்விதப் பிறப்பிரகசியமும் இன்றியே பட்டத்தரசியாகின்றாள். சோழ சிம்மாசனத்தில் அமரமாட்டேன் எனச் சபதம் செய்பவள் கொடும்பாளூர் இளவரசி வானதி. கல்கி தம் கருத்துநிலையின் எல்லைக்குள் நின்று சென்ற தூரம் இவ்வளவு. அதனைக் குறைத்தும் கூறலாகாது, மிகுத்தும் கூறலாகாது.

ஆகவே கற்பனைப் பட்டியல் எழுதுவதை விட்டுவிடவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. அதனை இன்னும் கவனத்தோடு எழுதவேண்டும் என்பதே. இந்நாவல் மீண்டும் திரைக்கோ, தொலைக்காட்சிக்கோ, மேடைக்கோ வரக்கூடும். நம் மாணவரும் புதிய முகங்களைத் தேடுவர். அப்போது வந்தியத்தேவனிலிருந்து தொடங்காது, தஞ்சைக் குடிசையில் விருந்தினனுக்கு உணவிட்டுவிட்டுப் பூத்தொடுக்க அமரும் அந்த இளைஞனிலிருந்து பட்டியலைத் தொடங்கிப் பார்க்கலாம். அவனுக்குரிய முகம் கிடைத்துவிட்டால், முடி எவ்வழியே பயணஞ்செய்து அவன் தலையை அடைந்தது என்பதை மற்றைய முகங்கள் ஒவ்வொன்றும் விளக்கவேண்டியனவாகும். நாவலை அதன் முடிவிலிருந்து பின்னோக்கிப் படிப்பதற்கு இதனினும் எளிதான வழி வேறில்லை.